பெயர் எழுதாத படகு

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதையும் முழுதாய் முடித்தேன் என்று சொல்ல முடியாது. பத்து வயதில் அடுத்தவனுடைய வள்ளத்தில் தண்ணீர் இறைக்கப் போனவன், இன்றைக்கு வல்வெட்டித்துறைக் கரையில் நாலு படகுக்குச் சொந்தக்காரன். மாடி வீடு நான் கட்டியது. ஐஸ் அறை நான் போட்டது. மூன்று பிள்ளைகளைப் படிப்பித்து மூன்று பேரையும் கனடாவுக்கு அனுப்பியவனும் நான்தான். கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவனுக்கும் முன்னால் கைகட்டி நின்று எனக்குப் பழக்கமில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டுக் குசினியில், என் மகளிலும் இளைய ஒரு பெண் வந்து நின்று, மண்ணெண்ணெய்ப் போத்தலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டாள். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிள்ளை படுக்கப் போகும் அறையின் யன்னல் கொழுக்கியை ஆட்டிப் பார்த்தாள். 'அவள்' என்றுதான் அன்று என் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன்.

நன்னடத்தை அலுவலகத்து உத்தியோகத்தர் அவர். நல்லூர்ப் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வருவார். பெற்றவர்களால் பார்க்க முடியாத பிள்ளைகளை நீதிமன்றம், எங்கள் பேச்சில் கோடு, வேறு வீட்டில் விடும்போது, அந்த வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. எங்கள் ஊர் அலுவல் பார்க்கும் விதானையார்தான் முதலில் வந்து கதை சொன்னார். ஐந்து வயதுப் பெண்பிள்ளை, தகப்பன் இல்லை, தாய் மனம் குழம்பி ஆஸ்பத்திரியில், சின்னப் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப நீதவானுக்கு விருப்பமில்லை, ஒரு நல்ல வீடு தேடுகிறார்கள் என்றார். நான் வாயைத் திறக்க முன்னம் என் மனைவி ஓம் என்று சொல்லிவிட்டாள். மூன்று அறை பூட்டிக் கிடக்கும் வீட்டில் இருப்பவள் வேறு என்ன சொல்வாள்.

"என்னைப் பற்றிக் கரையிலை விசாரிச்சுப் பாருங்கோ பிள்ளை" என்றேன் உத்தியோகத்தரிடம்.

"விசாரிச்சிட்டுத்தான் வாறன் ஐயா."

"என்ன சொன்னவங்கள்?"

"நல்ல மனுசன், ஆனா மற்றவையைக் கதைக்க விடமாட்டார் எண்டு சொன்னவை."

குசினிக்குள் என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. கன காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

போகும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை திரும்பித் தாயிட்டைப் போகவேண்டி வந்தா என்ன செய்வியள் ஐயா?"

"அது வரேக்கை பாப்பம்."

"இல்லை ஐயா. அதை இண்டைக்கே பாக்கவேணும். நாங்கள் உங்களுக்குப் பிள்ளை தரேல்லை. ஒரு தாய் எழும்பி வருமட்டும் அவவின்ரை பிள்ளையைப் பாத்துக்கொள்ளச் சொல்லிக் கேக்கிறம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபமாயிருந்தது.

அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். ஏன் என்பது பின்னால் தெரியும். ஒரு சீலைப் பையோடும் ஒரு சோடி றப்பர் செருப்போடும் வந்தாள். ஒரு செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சாப்பிடும்போது மடியில் வைத்தாள். படுக்கும்போது தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நாள் மனைவி அதை எடுத்துப் போய் வாசலில் விட, பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். சத்தமே வரவில்லை. நான் கடலில் காற்றுக்கும் மழைக்கும் அசையாதவன். அந்தச் சத்தமில்லாத அழுகையைப் பார்க்க என்னால் ஏலவில்லை. உத்தியோகத்தருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"செருப்பு கிட்ட இருந்தா எப்பவும் வெளிக்கிடலாம் எண்டு அவள் நினைக்கிறாள் ஐயா" என்றார். "கன வீட்டிலையிருந்து எழும்பி எழும்பிப் போனவள். நீங்கள் பறிக்காதேங்கோ. ஒரு நாளைக்குத் தானாய் வெளியிலை விடுவாள்."

"அதுக்காக மெத்தையிலை செருப்போ?"

"ஊத்தையெண்டா கழுவி விடுங்கோ."

நாலு ஆள் கைகட்டி நின்று வேலை கேட்கும் படகு முதலாளி, சம்மாட்டி நான், அன்றிலிருந்து பின்னேரம் பின்னேரம் கிணற்றடியில் குந்தியிருந்து ஒரு பிள்ளையின் செருப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று கழுவினேன்.

பிறகு தலையணை உறைக்குள் எறும்பு வந்தது. பார்த்தால் உள்ளே பாண் துண்டு, பழஞ்சோற்று உருண்டை. மனைவிக்கு மனம் நொந்து போனது. "நான் வயிறு நிறையத்தானே குடுக்கிறன்" என்று உத்தியோகத்தரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்கடை கறியிலை உள்ள குறை இல்லை அம்மா, நாளைக்குக் கிடைக்குமோ எண்ட பயம்" என்றார். மூடி போட்ட ஒரு பிஸ்கற் பேணியைக் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அது பிள்ளையுடைய பேணி. வெறுமையாக விடக்கூடாது. எவ்வளவு எடுத்தாய் என்று கேட்கக்கூடாது. அப்படியே செய்தோம். ஒரு மாதத்துக்குள் எறும்பு போய்விட்டது.

எங்களை அம்மா அப்பா என்று கூப்பிடப் பழக்க வேண்டாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுச் சோறு தின்னும் பிள்ளை என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அலுவலகமா சொல்வது?

"பெரியம்மா, பெரியப்பா எண்டு கூப்பிடட்டும் ஐயா. பெரியம்மா எண்டா ஆர்? தாயின்ரை அக்கா. அப்பிடிக் கூப்பிடுற நேரமெல்லாம் தனக்கு ஒரு அம்மா இருக்கிறா எண்டது பிள்ளைக்கு மறவாது."

அவர் படித்த படிப்பில் இது இருந்ததா, அவராய் யோசித்ததா, எனக்குத் தெரியாது. நல்ல யோசனை என்று அன்று நான் சொல்லவில்லை.

மாதத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு வருவார். இடையில் சொல்லாமலும் வருவார். வந்தால் முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்வளவு முருங்கைக்குக் கீழே போவார். இரண்டு பேரும் அங்கே இருந்து கதைப்பார்கள். நான் விறாந்தையில் நடந்து திரிவேன்.

"என்னைப் பற்றி என்ன சொன்னவள்?"

"அது எங்கடை இரகசியம் ஐயா."

அதற்குப் பிறகு மனைவியோடு இருந்து தேத்தண்ணி குடிப்பார். நித்திரை கொள்ளுகிறீர்களா, முழங்கால் நோ எப்படி, களைத்துப் போனால் ஆரிடம் சொல்லுவீர்கள் என்றெல்லாம் கேட்பார். நாற்பத்தைந்து வருசம் குடும்பம் நடத்திய நான் அவளிடம் அப்படிக் கேட்டதாய் ஞாபகம் இல்லை. மனைவி பதில் சொல்லும்போது நான் நடுவில் புகுந்தால், "அம்மா சொல்லட்டும் ஐயா" என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன். கரையில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எங்களைப்போலப் பிள்ளை பார்ப்பவர்களைக் கூப்பிட்டுப் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைப்பார்கள். அங்கே எனக்கு நல்ல மரியாதை. "என்ரை பிள்ளை இப்ப ஒண்டிலையிருந்து நூறுமட்டும் எண்ணுவாள். பள்ளிக்கூடத்திலை முதலாம் ஆள். என்ரை பிள்ளைக்கு நான் சைக்கிள் வாங்கிக் குடுத்திருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குருநகரிலிருந்து வந்த ஒரு மனுசி, கழுத்தில் செபமாலையோடு இருப்பவர், திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, உங்கடை பிள்ளை இல்லை, கோட்டின்ரை பிள்ளை. எனக்கும் மாதம் மாதம் அதைத்தான் சொல்லினம்."

எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவரும் சிரித்தார். அடுத்த கூட்டத்துக்கு அந்த மனுசி வரவில்லை. அவர் வைத்திருந்த பிள்ளை தகப்பனிடம் போய்விட்டதாம். கூட்டம் முடிந்தவுடன் எங்கள் உத்தியோகத்தர் தேத்தண்ணியும் குடிக்காமல் குருநகருக்கு ஸ்கூட்டியைத் திருப்பினார். எனக்கு அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

ஒரு மழை நாள் காலை. "இஞ்சேருங்கோ, சத்தம் போடாமல் வாங்கோ" என்று மனைவி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். வாசற்படியில் என் செருப்பு, அவளுடைய செருப்பு, பக்கத்தில் சின்னச் செருப்பு. பிள்ளை உள்ளே வெறுங்காலோடு ஓடித் திரிந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மூன்று சோடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் உத்தியோகத்தருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"வெளியிலை விட்டிட்டாள் பிள்ளை" என்றேன். எதை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்களும் அம்மாவும் செய்த வேலை ஐயா" என்றார். பிறகு, "நானும் உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். தாய் இப்ப நல்லாய்த் தேறிவாறா. ஆஸ்பத்திரியிலையிருந்து தமக்கையின்ரை வீட்டுக்கு வந்திட்டா. பிள்ளையைப் பாக்கக் கேக்கிறா" என்றார்.

இரண்டு செய்தியும் ஒரே ரெலிபோனில்.

முதல் சந்திப்புகள் அலுவலகத்தில் நடந்தன. மனைவிதான் கூட்டிப்போனாள். நான் போகவில்லை. எனக்கு அந்த நேரம் புதுப் படகு அலுவல். இருக்கிற படகுகளிலெல்லாம் பெரியது, புது எஞ்சின், வெள்ளை நிறம். எங்கள் கரையில் படகுக்குச் சாமியின் பெயர் வைப்போம், இல்லாவிட்டால் வீட்டுச் செல்லப்பிள்ளையின் பெயர் வைப்போம். என் பிள்ளைகள் மூன்று பேரின் பெயரும் முந்திய மூன்று படகிலும் இருக்கிறது. நாலாவதுக்கு நான் யோசிக்கவே இல்லை. முகப்பின் இரண்டு பக்கமும் சிவப்பு மையில் அவளுடைய பெயரை எழுதுவித்தேன். வெள்ளிக்கிழமை பூசை செய்து இறக்குவதாய் ஏற்பாடு. உத்தியோகத்தரிடம் சொல்லவில்லை. படகுக்குப் பெயர் வைக்கவும் அலுவலகத்தையா கேட்பது?

வியாழக்கிழமை தாயை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார் உத்தியோகத்தர். அலுவலகத்தில் பிள்ளை ஊமைபோல இருக்கிறாள், பழகின இடத்தில் பார்க்கட்டும் என்று. மெலிந்த பெண். என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும். மருந்தின் குணமோ என்னவோ கை நடுங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். மனைவியை "அக்கா" என்று கூப்பிட்டார். பிள்ளை முதலில் மனைவியின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு மெல்லப் போய்த் தாய்க்கு முன்னால் நின்றாள். தாய் அவளுடைய தலையைத் தடவினார். அந்த நேரம் அந்தக் கை நடுங்கவில்லை. நான் கண்டேன். கண்டதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அந்தத் தாய்க்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். "வாங்கோ, கரையிலை உங்களுக்கு ஒண்டு காட்டுறன்" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மணலில் வெள்ளைப் படகு நின்றது. தாய் கிட்டப் போய் வாசித்தார்.

"இது ஆரின்ரை பேர் அண்ணை?"

"உங்கடை மகளின்ரைதான். நாளைக்குத் தண்ணியிலை இறக்கிறம்."

அவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார். நான் சந்தோசத்தில் என்று நினைத்தேன்.

"இவளின்ரை அப்பா கூலிக்குக் கடலுக்குப் போனவர்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னார். "அங்காலை கிழக்குக் கரையிலை. போட் திரும்பி வந்தது. அவர் வரேல்லை. இது அவர் வைச்ச பேர் அண்ணை. இதையும் கடலுக்கு அனுப்பாதேங்கோ."

தகப்பன் இல்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படி இல்லாமல் போனார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் உத்தியோகத்தரைப் பார்த்தேன். அவர் தாய்க்குப் பக்கத்தில் போய் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

தாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அன்று பின்னேரமே அவர் தனியாகத் திரும்பி வந்தார். நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கேன் நீங்கள் சொல்லேல்லை?"

"அது அவ சொல்லவேண்டிய கதை ஐயா. என்ரை கதை இல்லை."

"நான் லோயர் பிடிப்பன். கோப்பை பிடிக்க ஏலாத மனுசி பிள்ளையை எப்பிடி வளக்கிறது? என்னட்டை என்ன குறை?"

"பிடியுங்கோ ஐயா. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. இந்த வீட்டிலை பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை எண்டு நானே கோட்டிலை எழுதிக் குடுப்பன். தாயின்ரை கை நடுங்குறதையும் எழுதுவன். பிள்ளையைத் தொட்டவுடனை நடுக்கம் நிண்டதையும் எழுதுவன். நான் கண்டதெல்லாத்தையும் எழுதவேணும்."

அவரும் கண்டிருக்கிறார்.

"பிள்ளை என்னட்டை ஒண்டு கேட்டவள். உங்களுக்குச் சொல்லட்டோ?" என்றார்.

"முருங்கைக்குக் கீழை கதைக்கிறது இரகசியமெண்டு சொன்னீங்கள்."

"இதைச் சொல்லலாமெண்டு அவளே சொன்னவள். தான் அம்மாட்டைப் போனா பெரியப்பா கோவிப்பாரோ எண்டு கேட்டவள்."

நான் எழும்பிப் போய் விறாந்தை விளக்கைப் போட்டேன்.

அடுத்த நாள் விடிய, பூசைக்கு முன்னம், கரைக்குப் போனேன். படகுக்கு மை பூசுகிறவன், தானே செய்கிறேன் என்றான். வேண்டாம் என்று அரத்தாளை வாங்கி நானே தேய்த்தேன். சிவப்புத் தூள் மணலில் கொட்டியது. நாலு எழுத்து அழிய அவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. கரை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன சம்மாட்டியார், எழுதினதை அழிக்கிறியள்? பிழையாய் எழுதிப்போட்டானோ?" என்றான் ஒருவன்.

"அவருக்கு வாசிக்கத் தெரிஞ்சாலெல்லோ பிழை தெரியும்" என்றான் இன்னொருவன்.

வேறு நாளாயிருந்தால் இரண்டு பேரையும் கடலுக்குள் தள்ளியிருப்பேன். அன்று தேய்த்து முடித்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, வெறும் நம்பரோடு படகை இறக்கினேன். லோயரிடம் போகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் படிப்படியாக நடந்தது. முதலில் சனி ஞாயிறு தாயிடம். பிறகு பள்ளிக்கூட விடுமுறை முழுக்க. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் பிள்ளை இரண்டு நாளைக்குக் கதைக்க மாட்டாள். அது இயற்கை, பொறுத்துக்கொள்ளுங்கோ என்று உத்தியோகத்தர் சொன்னார். கடைசியில் கோட்டில் திகதி வந்தது. நீதவான் என்னைப் பார்த்து, நீங்கள் ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நான் எப்படி முன்னுக்கு வந்தவன், அந்தப் பிள்ளைக்கு என்னென்ன செய்தவன் என்று சொல்ல முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். எழும்பி நின்றேன்.

"படுக்கேக்கை பிஸ்கற் பேணி பக்கத்திலை இருக்கவேணும். வெறுமையாய் இருக்கப்படாது" என்றேன். இருந்துவிட்டேன்.

போகிற நாளுக்கு எங்களை உத்தியோகத்தர்தான் ஆயத்தப்படுத்தினார். பேணியை நிரப்பி மனைவி தன் கையாலேயே தாயிடம் கொடுக்க வேண்டும். அதைப் பிள்ளை பார்க்க வேண்டும். போய் வா என்று எங்கள் வாயால் சொல்ல வேண்டும். "அழுகை வந்தா அழுங்கோ. போகாதை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். மனைவி எல்லாம் சரியாகச் செய்தாள். அவள் என்னிலும் கெட்டிக்காரி.

நான் பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்தேன். "பெரியப்பாக்குக் கோவம் இல்லை" என்றேன்.

"மெய்யாவோ?"

"ஓம் குஞ்சு. மெய்யா."

ஓட்டோ வாசலில் நின்றது. பிள்ளை புதுச் சப்பாத்துப் போட்டிருந்தாள். படியில் இறங்கியவள் திரும்பி வந்து, எங்களுடைய செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த தன் செருப்பை எடுத்தாள். இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். வந்த அன்று பிடித்துக்கொண்டு வந்த மாதிரியே. அதைக் கண்டபிறகு நான் ஓட்டோ திரும்பும்வரை நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

கொஞ்சக் காலத்துக்கு அங்கே போக வேண்டாம், கண்டால் பிள்ளை இரண்டு பக்கமும் இழுபடுவாள், நேரம் வரும்போது நானே கூட்டிப்போகிறேன் என்று உத்தியோகத்தர் சொன்னார். வேறு யாரும் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். மாடியில் அந்த அறையை மனைவி பூட்டவில்லை. சைக்கிள் விறாந்தையில் நின்றது. பின்னேரம் வந்தால் என் கால் தானாய்க் கிணற்றடிக்குப் போகும். அங்கே கழுவ ஒன்றும் இராது. படகுக்குத் திரும்ப மை பூசுகிற காலம் வந்தபோது, பூசுகிறவன் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டான். நம்பரைப் புதுப்பித்தால் போதும் என்றேன். பெயரில்லாத போட் என்று கரையில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

எங்களிடம் பிள்ளை இல்லையென்றால் உத்தியோகத்தருக்கு எங்கள் வீட்டில் அலுவல் இல்லை. ஆனாலும் வந்தார். கையில் அலுவலகக் கோவை, பைல் ஒன்றும் இல்லாமல் வந்தார். முருங்கைப் பக்கம் போகவில்லை. மனைவியோடு குசினியில் இருந்து கதைத்தார். மனைவி அழுதாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விறாந்தைக்கு வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். இன்னொரு பிள்ளை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன்" என்றேன். "அங்கை போனனீங்களோ?"

"நேற்றுப் போனனான் ஐயா."

படிக்கிறாளா, சாப்பிடுகிறாளா, எங்களைக் கேட்கிறாளா என்று எத்தனையோ வாய்க்குள் வந்தன. ஒன்றைத்தான் கேட்டேன்.

"செருப்பை எங்கை வைக்கிறாள்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"வாசல்லை விடுறாள் ஐயா. தாயின்ரை செருப்புக்குப் பக்கத்திலை."

"நல்லது" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். வெளிச்சம் மங்குகிறது, தூரம் போக வேண்டும் என்று மனைவி சொன்னபிறகுதான் எழும்பினார். வாசற்படியில் எங்களுடைய இரண்டு சோடிக்குப் பக்கத்தில் அவருடைய செருப்பு கிடந்தது. குனிந்து அதைப் போட்டுக்கொண்டு, வாறன் அம்மா, வாறன் ஐயா என்று சொல்லி ஸ்கூட்டியை எடுத்தார்.